மூன்றாம் குறுக்குத் தெருவில் பால் பொங்காத ஏழு நாட்கள்

சுபிட்ச நகருக்கு அந்தப் பெயரை வைத்தவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம், ஆனால் அவன் கடைசி மனையை விற்ற மறுநாளே ஊரைவிட்டுப் போய்விட்டான். அருப்புக்கோட்டை புறவழிச்சாலைக்கு மேற்கே கருவேல முள்ளை வெட்டித் தள்ளி, கல் நட்டு, முகப்பில் ஒரு வளைவு வைத்து, உள்ளே ஐந்து குறுக்குத் தெருக்களை இழுத்துவிட்டுப் போனான், அதில் மூன்றாம் குறுக்குத் தெருவில் குடியேறிய பதினான்கு குடும்பங்களும் தங்களைத் தவிர மற்ற எல்லாரும் பட்டிக்காட்டு ஜனங்கள் என்று மனதார நம்பிக்கொண்டு வாழ்ந்தன. அந்தத் தெருவில்தான் ஒரு தை மாதம் ஏழு நாட்கள் பால் பொங்காமல் இருந்தது. பக்கத்துத் தெருவிலெல்லாம் பொங்கியது, இங்கே மட்டும் இல்லை.

இருளாயி அந்தத் தெருவில் இருந்தாள், ஆனால் அந்தத் தெருக்காரி இல்லை. பாத்திரக்கடை குருவையா கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்கு அவள் காவல். முன்னால் தகரக் கொட்டகை போட்டுத் தங்கி, காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடித்து, சிமெண்டு மூட்டைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது வீடுகளுக்கு அப்படிக் காவல் இருந்திருக்கிறாள், ஒன்பதிலும் பால் காய்ச்சிக் குடி புகுந்த அன்றைக்கு அவளைப் பின்வாசல் பக்கமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சுவர் ஏற ஏற வீட்டுக்காரனின் மூக்கும் கூடவே ஏறுவதை ஒன்பது தடவை பார்த்தவள் அவள், குருவையாவுக்கு அது மொட்டைமாடிவரை ஏறியிருந்தது.

புது வீட்டில் பால் காய்ச்ச அடுத்த புதன்கிழமை நாள் குறித்தாயிற்று. இந்தப் புதன்கிழமை காலையில், பூஜை அறையாகப் போகிற அறையில், காற்றுப் படாத அந்த ஒரே மூலையில், தெருவில் பேர் இல்லாமல் திரிந்த செவலை நாய் ஐந்து குட்டி போட்டது. மத்தியானம் டைல்ஸ் பார்க்க வந்த குருவையா அதைப் பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் சாரத்தில் நின்ற கொத்தனார் கரண்டியைக் கீழே விட்டுவிட்டார்.

"பூஜை ரூமுலயாய்யா பிரசவம் பாக்கும் ஒரு நாயி? இருளாயி! ஏ இருளாயி! எங்க போய்த் தொலஞ்சா இவ?"

இருளாயி ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் இருந்திருந்தால் நாயையும் குட்டிகளையும் ஒரு சாக்கோடு தூக்கிக் கொட்டகையில் வைத்திருப்பாள், கதையே இல்லை. அவள் இல்லாததால் வாஸ்து ரத்தினவேல் வந்தார். சுபிட்ச நகரில் எந்த வீட்டுக் கக்கூஸ் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறவர் அவர்தான். அவர் பேச்சைக் கேட்டு வாசலை இடித்து ஜன்னலாக்கி, ஜன்னலை இடித்து வாசலாக்கி, கடைசியில் வீட்டுக்குள் போக வழியில்லாமல் நின்றவர்களும் உண்டு.

"அடிச்சு வெரட்டிறாதீங்க குருவையா, பைரவர் வாகனம்," என்றார் ரத்தினவேல். "தீட்டைக் கழிச்சு, மரியாதையாக் கொண்டுபோய் வெளிய வைக்கணும்."

காலால் எத்தித் தள்ளியிருந்தால்கூடத் தேவலை. இவர்கள் மரியாதை செய்தார்கள். கண் திறக்காத ஐந்து குட்டிகளையும் தாயின் அடியிலிருந்து உருவி எடுத்து, தை மாதக் குளிரில் மூன்று தடவை மஞ்சள் தண்ணீரில் முக்கி, கோமியம் தெளித்து, திருநீறு பூசி, சாம்பிராணிப் புகை காட்டி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, புதுத் துண்டில் வரிசையாகப் படுக்கப்போட்டு, கைகட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். செவலை வந்தது. முதல் குட்டியை மோந்து பார்த்துத் தும்மியது, இரண்டாவதை மோந்து பார்த்துத் தும்மியது, ஐந்தையும் மோந்து ஐந்து தடவை தும்மிவிட்டு, பால் கட்டி வீங்கிய மடியைத் தூக்கிக்கொண்டு மணல் குவியலில் போய் முதுகைக் காட்டிப் படுத்துவிட்டது.

இருளாயி அரிசிப் பையோடு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"எந்தப் புண்ணியவான் வேலை இது?"

"சாமி காரியம்த்தா, நீ வாயத் தெறக்காத," என்றார் குருவையா.

"நக்கி நக்கித்தான மொதலாளி தாயி தன் பிள்ளைன்னு அறியும்? நீங்க மோப்பத்தையே கழுவி விட்டுட்டீகளே. இனி அதுக்கு இது அஞ்சும் யாரோ பெத்தது."

"கழுவுனது தீட்டை."

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, துண்டோடு குட்டிகளை அள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். அப்போது மணி நாலு இருக்கும். அதே நாலு மணிக்கு, எதிர்வீட்டில், தெருச் சங்கத்தின் செயலாளரும் ஓய்வுபெற்ற சர்வேயருமான நல்லமணியின் சம்சாரம் காபிக்குப் பால் வைத்தாள், வைத்துவிட்டுச் சீரியல் பார்க்கப் போனாள், அரைமணி நேரம் கழித்து அலறியடித்து ஓடிவந்து பார்த்தால் பால் பொங்கவும் இல்லை, தீயவும் இல்லை, ஆடைகூடக் கட்டாமல், விரலை விட்டால் சுடாத பதத்தில், சும்மா வெதுவெதுவென்று கிடந்தது.

தெரு முழுக்க அப்படித்தான். முதலில் பால்காரனைத் திட்டினார்கள், அப்புறம் கேஸ் கம்பெனியைத் திட்டினார்கள், அப்புறம் குருவையா கடையில் வாங்கிய பாத்திரத்தைத் திட்டினார்கள். தண்ணீர் கொதித்தது, ரசம் கொதித்தது, எண்ணெய் காய்ந்தது, பால் மட்டும் அந்த வெதுவெதுப்பைத் தாண்ட மறுத்தது. தாண்டவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்த பாக்கெட்டை எடுத்தாலும் அதே சூடு, கெட்டுப்போகவும் இல்லை. இரண்டாம் குறுக்குத் தெருவில் தெரிந்தவர் வீட்டில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், தெருமுனைக் கல்லைத் தாண்டின அடியிலேயே ஆவி அடங்கிப்போயிற்று.

நம்முடைய ஜனங்களுக்கு எதுதான் பழகாது! இரண்டாம் நாள் பதினான்கு வீட்டு அடுப்பும் சிலிண்டரும் தெருமுனைக் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் வரிசையாக உட்கார்ந்தன, பெண்கள் நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு அங்கேயே காபி ஆற்றி அங்கேயே குடித்துவிட்டு வந்தார்கள். மூன்றாம் நாள் அந்த வெதுவெதுப்பில் தயிர் பிரமாதமாகத் தோய்கிறது என்று எவளோ கண்டுபிடித்துவிட்டாள், அன்றைக்குச் சாயங்காலமே 'எங்கள் தெருத் தயிர்' என்று சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள், மற்ற தெருக்காரர்கள் ஏக்கமாகப் பார்ப்பதாக இவர்களே நினைத்துக்கொண்டு மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கினார்கள். நல்லமணி அளவு நாடாவோடு வந்து, பால் எந்த இடத்தில் அடங்குகிறது என்று சுண்ணாம்புக் கோடு போட்டு, சங்கத்துக்கு அறிக்கை எழுதினார். அந்தக் கோடு குருவையா வீட்டை நடுவில் வைத்து வட்டமாக வந்ததை அவரே வரைந்தார், அவரே பார்க்கவில்லை.

இருளாயி தன் டீக்கு வைத்திருந்த பாலில் முதல் நாளே விரலை விட்டுப் பார்த்திருந்தாள். அது என்ன சூடு என்று அவளுக்கு உடனே தெரிந்தது. பிள்ளை பெற்ற எவளுக்கும் தெரிந்திருக்கும். தாய்மடியில் சுரந்து குட்டியின் வாயில் விழுகிறபோது பாலுக்கு என்ன சூடோ, அந்தச் சூடு.

அவள் அதைச் சொல்லாமல் இல்லை. "பாலு எதுக்கோ காத்துக் கெடக்கு சார், குட்டிக வயிறு நெறஞ்சாத் தன்னால பொங்கும்," என்று நல்லமணியிடம் சொன்னாள். "சரி சரி, தண்ணி அடிக்கப் போ," என்றார் அவர்.

பதினான்கு வீட்டுச் சட்டியிலும் குட்டிக்கு ஏற்ற பதத்தில் பால் தயாராக நின்றது, காய்ச்ச வேண்டாம், ஆற்ற வேண்டாம், ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. தன் டீப்பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு நாளை ஓட்டிய இருளாயி, அதுவும் தீர்ந்ததும் ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை பால் கொடுக்க மாட்டார்கள், ஒரு வீட்டில் டம்ளர் நாய்க்குப் புழங்கியதா என்று கேட்டார்கள், ஒரு வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்று ஆளில்லை என்றே சொன்னார்கள். நல்லமணியின் சம்சாரம்தான் தாராளம். "தயிரா வேணா ரெண்டு கரண்டி தாரேன்," என்றாள். தயிராம். பிறந்து இரண்டு நாளான குட்டிக்கு!

கடைசியில் ஓடைக்கு அப்பால் வெள்ளாடு மேய்க்கிறவளிடம் போய் ஆட்டுப்பால் வாங்கிவந்தாள். மாட்டுப்பாலைவிட அதுதான் குட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும். ஈரத்தில் விறைத்துப்போன ஒரு குட்டி முதல் நாள் ராத்திரி விடிவதற்குள்ளேயே செத்துவிட்டது, மீதி நாலையும் வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்து அணைத்துப் படுக்கப்போட்டாள். குளிர்ந்து கிடக்கிற குட்டிக்குப் பால் ஊட்டினால் செரிக்காது, முதலில் உடம்பு சூடேற வேண்டும், அப்புறம்தான் பால். குப்புறப் படுத்த வாக்கிலேயே தலையை லேசாகத் தூக்கி, மருந்துக்கடையில் வாங்கிய சொட்டுக்குழாயால் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டாள், குடித்து முடித்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவித் தடவி ஒண்ணுக்குப் போக வைத்தாள், தாய் நாக்கால் செய்கிற வேலை அது, செய்யாவிட்டால் வயிறு வீங்கிச் செத்துப்போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இந்த வேலை, நடுவில் சுவருக்குத் தண்ணீர்.

சனிக்கிழமை குருவையா போய் நல்லமணி வீட்டுக் கதவைத் தட்டினார். புதன்கிழமை புது அடுப்பில் பால் பொங்கி வழியாவிட்டால் அவர் எந்த முகத்தோடு குடியேறுவார்? சங்கம் கூடியது. ரத்தினவேல் கண்ணை மூடி விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "வாயில்லா ஜீவன் பசி," என்றார். அட, மூன்று நாளாக ஒருத்தி தொண்டை கிழியச் சொன்னதைத்தான் சொன்னார், ஆனால் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சொன்னார், அதனால் பதினான்கு குடும்பமும் வாயைப் பிளந்து கேட்டது. "ஒம்போது சுமங்கலிங்க மடியில வச்சுப் பால் புகட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் பந்தலே போட்டுவிட்டார்கள். இருளாயி கொட்டகை வாசலில் குறுக்கே நின்றாள்.

"பால் குடுக்கதுனா இப்படியே குடுங்க மொதலாளி. குப்புறப் போட்டுத்தான் குடுக்கணும். மல்லாத்துனா மூச்சுல ஏறிரும்."

"ஏ, தள்ளு இருளாயி. இந்தப் பொம்பளைக பிள்ளை வளத்ததில்லையா?" என்றாள் குருவையாவின் சம்சாரம் மனோரஞ்சிதம்.

வளர்த்தவர்கள்தான், அதுதான் கேடு. ஒன்பது பேரும் பட்டுப்புடவையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள், நாலு குட்டிகளும் மடிக்கு மடி கை மாறின, ஒவ்வொருத்தியும் வாங்கிய குட்டியைப் பச்சைப்பிள்ளை மாதிரி மல்லாக்கப் போட்டு, மனிதப் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடையை வாயில் வைத்து, "குடிடா ராஜா, குடிடா தங்கம்" என்று சரித்து ஊற்றினார்கள். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. மூன்றாவது மடியில் ஒரு குட்டிக்கு மூக்கு வழியாகப் பால் வந்தது, ஐந்தாவது மடியில் இன்னொன்றுக்கு வந்தது, இரண்டும் காலை உதறி உதறி ஓய்ந்தன, "பாருங்க, வயிறு நெறஞ்சு தூங்குது" என்று ஒருத்தி சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். செத்துப்போன குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

இருளாயி கூட்டத்துக்குள் புகுந்து மீதி இரண்டையும் பிடுங்கினாள். இரண்டையும் முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

"நல்லா இருப்பீகளா நீங்க! ரெண்டைக் கொன்னு போட்டுட்டீகளே!"

"இந்தா, நல்ல காரியத்துல அபசகுனமாப் பேசாத," என்றார் நல்லமணி. அன்றைக்குச் சாயங்காலமும் பால் பொங்கவில்லை. இரண்டு குட்டிகள் பைரவர் பாதம் சேர்ந்ததால் பரிகாரத்துக்கு இன்னும் பலம் கூடியிருக்கிறது, பலன் கொஞ்சம் தாமதமாக வரும் என்று ரத்தினவேல் சொன்னார், அதையும் நம்பினார்கள்.

அன்றிலிருந்து இருளாயி கொட்டகைக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சுவருக்குத் தண்ணீர் அடிக்கவில்லை. காய்ந்து வெடிக்கட்டும், அவளுக்கென்ன? அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இந்த இரண்டும் தாய்மடியில் வாய் வைத்துவிட வேண்டும், சொட்டுக்குழாய் எத்தனை நாளைக்குத் தாங்கும். ஒன்று தேறிக்கொண்டது, கருத்த முகம், முட்டி முட்டித் தேடுகிற குட்டி. மற்றது எலி அளவுக்கு ஒரு பொட்டைக்குட்டி, ஒவ்வொரு தடவையும் இதோ போகிறேன் என்று கிடந்து, ஒரு சொட்டு இறங்கியதும் இல்லை இருக்கிறேன் என்று வாயைத் திறக்கும்.

வெதுவெதுப்பான துணியால் சந்தனத்தையும் சாம்பிராணியையும் துடைத்துத் துடைத்து எடுத்தாள். செவலை படுத்த மணலை அள்ளிவந்து குட்டிகளுக்குக் கீழே பரப்பினாள். செவலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கல்லாகக் கட்டிக்கிடந்த காம்புக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, பீய்ச்சின பாலைக் கொண்டுவந்து குட்டிகளின் தலையிலும் முதுகிலும் வாலடியிலும் தடவினாள். திங்கட்கிழமை செவலை கொட்டகை வாசல்வரை வந்து உறுமிவிட்டுப் போயிற்று. செவ்வாய்க்கிழமை உறுமாமல் நின்று மோந்தது.

"ஒன் பிள்ளைக தாண்டி. அந்த மூதேவிக பூசுனத நான் தொடச்சிட்டேன். வந்து பாரு," என்று அவள் நாயிடம் கெஞ்சினாள். மனுஷர்களிடம் அவள் அப்படிக் கெஞ்சியதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளே வலியப் போய்க் குருவையா முன்னால் நின்றாள். "நாளைக்கு மேளம், வெடி மட்டும் வேண்டாம் மொதலாளி. மோந்து பாக்க ஆரம்பிச்சிருக்கா. சத்தம் கேட்டா மெரண்டு ஓடிருவா, அப்புறம் திரும்ப மாட்டா."

"சரி, சரி," என்றார் குருவையா, அவர் காதில் எது விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

புதன்கிழமை விடிகாலை, வாழைமரம் கட்டிய வாசலில் நூறு செருப்பு கிடந்தது. உள்ளே புதுப் பித்தளைப் பானை, புது அடுப்பு, கிழக்கே பார்த்துப் பால். முகூர்த்தம் தொடங்கிக் கால்மணி ஆயிற்று, அரைமணி ஆயிற்று, மனோரஞ்சிதம் விசிறினாள், ரத்தினவேல் மந்திரத்தை முதலிலிருந்து சொன்னார், குருவையாவுக்கு ஜிப்பா நனைந்து முதுகோடு ஒட்டியது. பால் வெதுவெதுவென்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொட்டகையில் செவலை உள்ளே வந்தது. கருத்த மூஞ்சிக் குட்டியை மோந்தது, தும்மவில்லை. ஒரு தரம் நக்கியது. அப்புறம் நிறுத்தாமல் நக்கியது, தலையிலிருந்து வாலடிவரை புரட்டிப் புரட்டி நக்கிவிட்டு, பெருமூச்சு விட்டுப் பக்கவாட்டில் சாய்ந்தது. இருளாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் காம்போரம் நகர்த்தினாள். கருத்தது கவ்விக்கொண்டது. எலிக்குட்டி தேடியது, நழுவியது, மறுபடி தேடியது, கவ்வியது. இழுத்தது. இழுத்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

அந்த நொடியில் புது வீட்டில் பால் பொங்கியது. சும்மா பொங்கவில்லை, ஏழு நாள் சூட்டையும் சேர்த்துப் பொங்கியது. பானை விளிம்பைத் தாண்டி, அடுப்பை அணைத்து, டைல்ஸில் ஓடி, ரத்தினவேலின் காலைச் சுட்டது. பதினான்கு வீடுகளிலும், இனிப் பொங்காது என்ற தைரியத்தில் தயிருக்குச் சட்டியில் ஊற்றி வைத்துவிட்டு விசேஷத்துக்கு வந்தவர்களின் பால் எல்லாம் அடுப்பே இல்லாமல் பொங்கி வழிந்து வாசல் தாண்டித் தெருவுக்கு வந்தது.

"பொங்கிருச்சு! பொங்கிருச்சு!" என்று கத்திக்கொண்டு குருவையாவின் மச்சினன் ஓடிப்போய் ஆயிரம் வாலாவைக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே விரித்துப் பற்றவைத்தான்.

செவலை துள்ளி எழுந்தது. குட்டிகள் காம்பிலிருந்து பிய்ந்து மணலில் விழுந்தன. வெடிச்சத்தத்தில் தகரம் அதிர்ந்தது, நாய் ஊளையிட்டபடி வெளியே பாய்ந்தது, இருளாயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள், "பாவிகளா, பாவிகளா" என்று அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

புகைக்குள் செவலை நின்றது. திரும்பியது. வெடித்துக்கொண்டிருந்த சரத்தைத் தாண்டி உள்ளே வந்து, கருத்த குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு, பட்டுப்புடவைகள் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓட, புகை மறைவிலேயே மேற்கே ஓடையைப் பார்த்து ஓடிற்று. இருளாயி எலிக்குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றாள். வருவாளா? நோஞ்சான் என்று விட்டுவிடுவாளா? சரம் ஓய்ந்தது, காகிதத் துணுக்கு பறந்து இறங்கியது. அவள் எண்ணிக்கொண்டே நின்றாள், எண்ணூறுவரை எண்ணினாள். செவலை வந்தது. நேராக அவள் கையருகே வந்து, எலிக்குட்டியை ஒரு நக்கு நக்கி, பல் படாமல் கவ்விக்கொண்டு போயிற்று. இருளாயி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் தெருவே அவள் முன்னால் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பரிகாரம் பலித்துவிட்டது என்று உள்ளே தீர்மானம் போட்டாயிற்று, ரத்தினவேலுக்குச் சால்வையும் போர்த்தியாயிற்று, இனி அந்தத் தெய்வக் குட்டிகளுக்கு நன்றி சொல்லி மஞ்சள் நீராட்டி ஆரத்தி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. மனோரஞ்சிதம் கையில் தட்டு, நல்லமணி சம்சாரம் கையில் பாலாடை, பின்னால் மேளம், கேமராக்காரன்.

"ஏத்தா இருளாயி, நாயி எங்கிட்டுப் போச்சு? நீதான பாத்த?" என்றார் குருவையா, இத்தனை நாளில் முதல் தடவையாகக் குரலில் தேனைத் தடவிக்கொண்டு.

இருளாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்து நின்றாள். கையை நீட்டிக் கிழக்கே காட்டினாள்.

"புறவழிச்சாலையத் தாண்டிப் போயிருச்சு மொதலாளி. ரொம்பத் தூரம் போயிருக்கும். வெரசாப் போங்க."

மேளம் முன்னால் போக, தட்டு பின்னால் போக, மூன்றாம் குறுக்குத் தெரு மொத்தமும் பட்டுச் சரசரக்க வெயிலில் கிழக்கே நடந்தது. அவர்கள் வளைவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருளாயி தன் பாயையும் சட்டியையும் ஒரு சாக்கில் திணித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மேற்கே ஓடைப் பக்கம் நடந்தாள்.